தலைமுடிக்கும் கறுப்பு ரீசேட்டுக்கும் தடை கோரும் மனு: எமது சனசமூக நிலையம் கையொப்பமிடலாமா?

வாசிகசாலைச் செயலாளர் எழுதியது:

உறுப்பினர்களுக்கு வணக்கம். வலிகாமத்தில் உள்ள சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளராகப் பணியாற்றுகிறேன். எமது பகுதியின் சில சங்கங்களும் ஓர் ஆலய பரிபாலன சபையும் சேர்ந்து, பிரதேச சபைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கையளிப்பதற்காக மனு ஒன்றைத் தயாரித்துள்ளன. அதில் எமது நிலையத்தின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்று கேட்கிறார்கள். நிர்வாக சபை ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு சொல்ல வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அலங்கார முடிவெட்டுச் செய்யும் சலூன்களின் அனுமதிப் பத்திரத்தை இரத்துச் செய்ய வேண்டும் என்பது மனுவின் முதற் கோரிக்கை. ஆண் பிள்ளைகள் தோடு அணிவதையும் பச்சை குத்துவதையும் தடை செய்ய வேண்டும்; மண்டையோடு போன்ற படங்கள் பொறித்த கறுப்பு ரீசேட்டுகளை விற்கும் கடைகளை எச்சரிக்க வேண்டும்; கடற்கரையில் கூடிப் பாடி ரிக்ரொக் காணொளி எடுக்கும் குழுக்களைப் பொலிஸார் கலைக்க வேண்டும்; சைலன்சர் மாற்றிய மோட்டார் சைக்கிள்களைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பவை ஏனையவை. "எமது பண்பாட்டுக்கு ஒவ்வாத இளைஞர் குழுக்கள்" என்ற தலைப்பின் கீழ் இவை எல்லாம் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன.

மனு குறிவைக்கும் பிள்ளைகளை எனக்கு ஓரளவு தெரியும். கறுப்பு உடை, நீண்ட முடி, ஒற்றைக் காதில் தோடு. தாமே தமிழில் றப் எழுதிப் பாடுகிறார்கள். ஓரிருவர் மெற்றல் இசை கேட்பவர்கள். நான் அறிந்த வரையில் அவர்களில் எவர் மீதும் வழக்கு இல்லை. அதே வேளையில் மனுவை எழுதியவர்களையும் நான் குறை கூற மாட்டேன். வாள்வெட்டுக் குழுக்கள் வீடு புகுந்த செய்திகளை நாம் ஆண்டுக்கணக்கில் வாசித்து வருகிறோம். ஆவா என்ற வாள்வெட்டுக் குழுவின் பெயரைக் கேட்டாலே பெற்றோர் கதவைச் சாத்திய காலம் ஒன்று இருந்தது. ஐஸ் போதைப்பொருள் பற்றிய அச்சமும் பொய்யன்று. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளை உடைத்துப் புகுந்த பின்னர், இளையோரைப் பற்றி ஊரில் பேசும் தொனியே மாறிவிட்டது.

எனக்கு விளங்க வேண்டியவை இரண்டு. பிற நாடுகளின் அரசுகள் இப்படிப்பட்ட தடைகளை விதித்தபோது நடந்தது என்ன? எமது நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? கையொப்பமிட மறுத்தால் காவாலிகளுக்குக் குடை பிடிக்கிறோம் என்ற பேச்சு வரும் என்பதையும் மனத்திற்கொண்டு பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு, நீண்ட காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே பலரும் உடனே சுதந்திரம் என்று தொடங்குவார்கள் என்பதால், மறுபக்கத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

1993ஆம் ஆண்டு முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. அந்த வெள்ளைத் துணி வகுப்பறைக்குள் எத்தனை வீடுகளின் வறுமையை மறைத்தது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். தலைமுடி விதியும் எனக்கு அதே வகையானதுதான். நிறமூட்டி, ஓரம் வழித்துக் கோடு போட்டுக்கொள்வதற்கு ஒரு பிள்ளை கொடுக்கும் பணத்தை அவனுடைய வகுப்புத் தோழனால் கொடுக்க முடியாது. அவன் அதை வீட்டில் அழுது வாங்குவான். கிடைக்காவிட்டால் வேறு வழி தேடுவான். பாடசாலைக்குள் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை அடக்குமுறை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வளர்ந்தவர்கள் எப்படி உடுக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. ஆயினும் இருட்டிய பிறகு கூட்டமாக நிற்பவர்கள் யார் என்று தெரியாமல் ஒரு பெண் பிள்ளை தனியார் வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது அவளுக்கு உண்டாகும் பயத்தையும் உரிமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். முதலாவது கோரிக்கையையும் கடைசிக் கோரிக்கையையும் வைத்துக்கொண்டு கையொப்பமிடுங்கள் என்பதே எனது ஆலோசனை.

பனையோலை எழுதியது:

முதற் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள் மற்றையதைப் பார்த்துக்கொள்வார்கள்.

மிகவும் நுணுக்கமாகப் பதிவான நிகழ்வு கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக் நகரத்தில் நடந்தது. 1965இல் அங்கே, பீற்றில்ஸ் குழுவின் பாணியிலான பீற் இசை இளைஞரை மேற்குலகின் பக்கம் இழுக்கிறது என்று முடிவு செய்த அதிகாரிகள், மாவட்டத்தில் பதிவு பெற்றிருந்த 58 குழுக்களில் 54 குழுக்களின் அனுமதியைப் பறித்தார்கள். அனுமதிப் பத்திரத்தைப் பறிப்பது என்ற அதே உத்திதான் உங்கள் மனுவின் முதற் கோரிக்கையிலும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரு இளைஞர்கள் எளிய துண்டுப்பிரசுரங்களை அச்சடித்து, அக்டோபர் 31ஆம் திகதி நகர மையத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வருமாறு அழைத்தார்கள். அந்த அழைப்பு சிலரையே எட்டியிருந்தது. பாடசாலைகளில் மாணவர்களைக் கூட்டி, அங்கே போகக் கூடாது என்று எச்சரித்ததால்தான் செய்தி நகரம் முழுவதும் பரவியது. திரண்டவர்களைப் பொலிஸார் தண்ணீர்ப் பீரங்கியோடும் நாய்களோடும் கலைத்தனர். 264 பேர் கைதானார்கள். அவர்களில் 97 பேர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்ய அனுப்பப்பட்டார்கள். நீண்ட முடி வைத்திருந்தவர்களின் முடி கத்தரிக்கப்பட்டது. இவ்வளவும் செய்த அதே அரசு, எழுபதுகளில் உள்நாட்டு ரொக் இசைக்குழுக்களுக்குத் தானே அனுமதி வழங்கி, தனது இளைஞர் அமைப்பின் மேடைகளில் பாடவும் வைத்தது.

எமக்கு இன்னும் நெருக்கமானது இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம். ஆழிப்பேரலையும் உள்நாட்டுப் போரும் கண்ட மண் என்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சமூகத்தின் கவலையும் ஏறத்தாழ இதே சொற்களில்தான் அங்கே எழுந்தது. 2011 டிசம்பரில் பண்டா ஆச்சே நகரில் நிதி திரட்டுவதற்காக நடந்த இசை நிகழ்ச்சியில் பங்க் எனப்படும் ரொக் இசைப் பாணியையும் அதன் தோற்றத்தையும் பின்பற்றிய அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பொலிஸார் பிடித்தனர். மொட்டையடித்தார்கள், குளத்தில் இறக்கிக் குளிக்க வைத்தார்கள், சங்கிலிகளையும் தோடுகளையும் கழற்றினார்கள், பொலிஸ் பயிற்சிப் பாடசாலையில் பத்து நாட்கள் வைத்து ஒழுக்கம் கற்பிப்பதாக அறிவித்தார்கள். எவர் மீதும் குற்றச்சாட்டுப் பதியப்படவில்லை. மொட்டைத் தலையோடு வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகளின் படங்கள் உலகம் முழுவதும் போயின. பல நாடுகளில் இந்தோனேசியத் தூதரகங்களுக்கு முன்னால் பங்க் இளைஞர்கள் கூடினார்கள்.

மிகக் கொடிய உதாரணம் ஈராக். 2012இன் தொடக்கத்தில் அந்நாட்டு உள்துறை அமைச்சு, எமோ எனப்படும் இளைஞர் பாணியைச் சாத்தான் வழிபாடு என்று வருணித்து அறிக்கை வெளியிட்டது. இறுக்கமான கறுப்பு உடை, மண்டையோட்டுப் படம் பொறித்த ரீசேட், மூக்கிலும் நாக்கிலும் வளையம் என்று அடையாளங்களும் சொல்லப்பட்டன. அடுத்த கிழமைகளில் பக்தாத்தில் ஆயுதக் குழுக்கள் பெயர்ப் பட்டியல்களை ஒட்டின, இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் ஒவ்வொரு அறிக்கையும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறது. அமைச்சோ அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. கொன்றவர்கள் பொலிஸார் அல்லர். ஆனால் யாரைத் தேட வேண்டும் என்ற அடையாளத்தை எழுதிக் கொடுத்தது அரச அலுவலகம். பொது அமைப்புகளின் முத்திரையோடு ஊருக்குள் உலாவும் ஒரு தாளில் தோற்றத்தைப் பட்டியலிடுவதற்கு முன் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

சனநாயக நாடுகளிலும் இது நடக்காமல் இல்லை. 1992 மே மாதம் இங்கிலாந்தின் காசில்மோட்டன் என்ற இடத்தில் பல்லாயிரம் பேர் அனுமதியின்றிக் கூடி நாட்கணக்கில் இசைக்கு ஆடினார்கள். அதன் விளைவாக 1994இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம், தடை செய்ய வேண்டிய இசையை வரையறுக்கப் புகுந்து, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளால் பெரும்பாலும் அமைந்த ஒலி என்று எழுதி வைத்தது. எமது தவில் கச்சேரியும் அதற்குள் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம். பின்னர் 2005 முதல் இலண்டன் பொலிஸார் இசை நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் 696 என்ற இலக்கமுள்ள படிவத்தை நிரப்பக் கேட்டார்கள். தொடக்கத்தில் அதில் இசையின் வகையும், வரப்போகும் மக்களின் இனமும்கூடக் கேட்கப்பட்டன. கறுப்பின இளைஞரின் இசையே அதனால் ஒடுங்கியது என்ற கண்டனம் நீண்ட காலம் எழுந்து, 2017 நவம்பரில் அது கைவிடப்பட்டது.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். எழுபதுகளில் நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகவே சேவை என்று அங்கே அரச அலுவலகங்களில் எழுதி வைத்தது உண்மை. 1972இல் லெட் செப்பெலின் இசைக்குழு முடியின் காரணமாகவே அங்கே பாடாமல் திரும்பியதும் உண்மை. சிங்கப்பூர் வளர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது.

கத்தரிக்கோல் எழுதியது:

நான் சலூன் நடத்துகிறேன். எங்கள் தொழிலைப் பற்றிய கோரிக்கை என்பதால் எழுதுகிறேன்.

பாடசாலை அதிபர்கள் எங்களிடம் வந்து, மாணவர்களுக்கு இன்ன மாதிரி வெட்டாதீர்கள் என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பாடசாலை நாட்களில் நாங்களும் அதைக் கடைப்பிடிக்கிறோம். ஆனால் கதிரையில் வந்து அமரும் பிள்ளைக்கு வயது பதினேழா பத்தொன்பதா என்று அடையாள அட்டை பார்க்க வேண்டிய வேலையை எங்களுக்குத் தருவதும், தவறினால் கடையை மூடுவதும் வேறு விடயம். இங்கே மறுத்தால் பிள்ளை வீட்டில் மெஷின் வாங்கி நண்பனைக் கொண்டு வெட்டுவிப்பான். அதை எந்தச் சபை தடுக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாருக்கு முடி வெட்டலாம், யாருக்கு வெட்டக் கூடாது என்று எங்கள் தொழிலாளருக்கு ஊர்ப் பெரியவர்கள் கட்டளையிட்ட காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. வெட்டியவர் தண்டிக்கப்பட்டார், வெட்டுவிக்கப் போனவர் அடிக்கப்பட்டார். தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் சட்டை போடுவதும் செருப்பு அணிவதும் நகை அணிவதும்கூட அன்று பண்பாட்டுக்கு ஒவ்வாததாகவே கருதப்பட்டது. அந்த வழக்கங்களுக்கு எதிராக 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகும் ஆலயக் கதவுகளுக்காக 1968இல் மாவிட்டபுரத்தில் போராட வேண்டியிருந்தது. மனுவில் கையொப்பமிட்டிருப்பவர்கள் அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவர நினைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கத்தரிக்கோலுக்கு மீண்டும் ஊர் உத்தரவு போடுவதை நாங்கள் விரும்பவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நீதிவழி எழுதியது:

செயலாளரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஐந்து கோரிக்கைகளும் சட்டத்தின் பார்வையில் ஒரே இனமானவை அல்ல. அவற்றை ஒரே தலைப்பின் கீழ் கட்டியதுதான் மனுவின் முதற் பலவீனம்.

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் உறுதி செய்கிறது. வெளிப்பாடு என்பது வாயால் பேசுவதோடு நின்றுவிடுமா என்ற கேள்விக்கு எமது உயர் நீதிமன்றம் 1993இலேயே விடை அளித்துவிட்டது. மணி அடித்தும் மேளம் கொட்டியும் அரசுக்கு எதிர்ப்புத் தெரிவித்த ஜனகோஷ இயக்கம் தொடர்பான அமரதுங்க எதிர் சிறிமல் வழக்கில், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, சொல்லின்றி வெளிப்படுத்தும் வடிவங்களும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று தீர்த்தார். கறுப்புப் பட்டி அணிவதையும் வாசகம் எழுதிய மேலங்கி அணிவதையும் உதாரணமாகக் குறிப்பிட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் திருநர் உரிமைகள் பற்றிய நால்சா வழக்கில் இன்னும் வெளிப்படையாக, ஒருவர் தம் பாலின அடையாளத்தை உடை, பேச்சு, நடத்தை ஆகியவற்றால் வெளிப்படுத்துவது கருத்துரிமையின் பகுதி என்றது. அது எம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று. எமது நீதிமன்றங்கள் எடுத்து நோக்கக்கூடிய தீர்ப்பு.

இந்த உரிமை எல்லையற்றதும் அன்று. 15ஆம் உறுப்புரை இன, மத ஒற்றுமை, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் போன்ற காரணங்களுக்காக மட்டுப்படுத்த இடமளிக்கிறது. ஒழுக்கம் என்ற காரணத்தை மனுதாரர் பற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த மட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பிரதேச சபை நிறைவேற்றும் தீர்மானம் சட்டம் ஆகாது. பொலிஸ் பொறுப்பதிகாரி வாயால் சொல்லும் கட்டளையும் ஆகாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் துணைவிதி இயற்றலாம் எனினும், அது அச்சட்டம் சபைக்குக் கொடுத்த விடயங்களுக்குள் நிற்க வேண்டும். அமைச்சரின் அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் வேண்டும். சலூனுக்கு அனுமதிப் பத்திரம் வழங்குவது கத்தியும் துவாயும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே. முடியின் வடிவத்தைக் காரணம் காட்டி அதை இரத்துச் செய்தால் அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

கடற்கரைக் கோரிக்கைக்கு வருவோம். தண்டனைச் சட்டக்கோவையின்படி ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடினால் மட்டும் சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது. அவர்களின் பொது நோக்கமும் சட்டவிரோதமானதாக இருக்க வேண்டும். பாடிக் காணொளி எடுப்பது அப்படிப்பட்ட நோக்கம் அன்று. பிடித்துக்கொண்டு போய்ப் பொலிஸ் நிலையத்தில் மொட்டை அடித்தால், இழிவான முறையில் நடத்துவதைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரை உடனே எழும். அதற்கு விதிவிலக்கே கிடையாது.

நடைமுறையில் உடை எப்படிக் குற்றமாகிறது என்பதற்கு அண்மைக் காலத்திலிருந்து சில நிகழ்வுகளைச் சொல்லலாம். 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியச் சுற்றுலாப் பெண் ஒருவர் விமான நிலையத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் 2019 ஏப்ரல் இறுதியில் முகத்தை மூடும் உடை அவசரகால ஒழுங்குவிதியால் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடையில் இருந்த கப்பற் சுக்கான் படம் தர்மச் சக்கரமாகக் கருதப்பட்டதால் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2021 ஏப்ரலில் யாழ். மாநகர முதல்வராக இருந்த மணிவண்ணன் அவர்கள், மாநகர சபையின் காவற் பணியாளருக்குக் கொடுத்த சீருடையின் நிறமும் அமைப்பும் விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருந்தன என்ற காரணத்தால் கைது செய்யப்பட்டுப் பிணையில் வந்தார். உடையின் நிறத்தை வைத்து ஒருவரைக் கைது செய்வது தவறு என்று அன்று யாழ்ப்பாணத்தில் ஒரே குரலில் சொன்னோம். அதே பொலிஸாரிடம் இன்று கறுப்பு ரீசேட்டுக்காக மனுக் கொடுக்கப் போகிறோம்.

மனுவில் தாங்கக்கூடிய பகுதிகளும் உண்டு. சைலன்சர் மாற்றுவதைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழேயே பொலிஸார் கையாளலாம். புதிய தடை எதுவும் தேவையில்லை. பச்சை குத்துவதற்கு வயதெல்லை கேட்பதையும் நான் எதிர்க்க மாட்டேன். ஊசியும் இரத்தமும் சம்பந்தப்பட்டது, எளிதில் அழிக்க முடியாதது. அதைச் சுகாதாரப் பிரச்சினையாக எழுதினால் நியாயம் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளில் யாராவது இதை வாசித்தால் ஒரு தகவல். நிருவாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கெடுவில் கணக்கிடப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

வடமராட்சியாள் எழுதியது:

ஆண் பிள்ளைகளின் முடியைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். பெண்களின் முடியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

2009இற்குப் பிறகு வன்னியிலிருந்து வந்த பெண்களில் யார் போராளியாக இருந்தார் என்று பார்ப்பவர்கள் முதலில் கூந்தலைப் பார்த்தார்கள். குட்டையாக வெட்டிய முடி இருந்தால் போதும், சோதனைச் சாவடியில் நிறுத்துவதற்கு. வீடு திரும்பிய பின்னர் அதே முடியைக் காட்டி அயலவரும் விலகி நின்றார்கள். முடி தோளைத் தொடும் வரை வெளியே வராமல் இருந்த பெண்களை எமது ஊர்கள் அறியும். அதற்கும் முன்பு, முழங்கையில் காய்ப்பு இருக்கிறதா, முழங்காலில் தழும்பு இருக்கிறதா என்று இளைஞரை நிறுத்திப் பார்த்த காலம் எத்தனை நீளமானது என்பதை இங்குள்ள மூத்தவர்கள் சொல்லட்டும். உடலைப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு எம்மைவிட அதிகம் விலை கொடுத்தவர்கள் குறைவு.

அந்நியரை மட்டும் குறை சொல்லவும் நான் வரவில்லை. எண்பதுகளில் பெண்கள் என்ன உடுக்க வேண்டும் என்று எமது சுவர்களிலேயே எழுதப்பட்டது. 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஆண்கள் டெனிமும் ரீசேட்டும் அணியக் கூடாது, தாடி வளர்க்கக் கூடாது, பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் சேலை உடுக்க வேண்டும் என்று வந்த அறிவித்தல் எவ்வளவு சர்ச்சையைக் கிளப்பியது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, எமது பண்பாடு என்ற அதே வாதத்தை நாம்தான் கையில் எடுத்தோம். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே முடிவு சொன்னது.

பண்பாடு என்று மனு எதைச் சொல்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய யாழ்ப்பாணத்து ஒளிப்படங்களை எடுத்துப் பாருங்கள்: குடுமி கட்டிய ஆண்கள், காதில் கடுக்கன் போட்ட ஆண்கள். இன்று நீண்ட முடியும் தோடும் வைத்திருக்கும் பையனைவிட, ஒட்ட வெட்டிய முடியும் நீளக் காற்சட்டையுமாக மனுவைக் கொண்டு வருபவர்தான் அந்தப் படங்களில் அந்நியராகத் தெரிவார். அதே போல, 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் இளைஞர்கள் மேலைத்தேச உடையை விட்டுக் கதரையும் தேசிய உடையையும் அணிந்தது ஓர் அரசியல் வெளிப்பாடாகத்தான். இன்று அவர்களை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம்.

ஆசிரியர் ஐயா சொன்ன அந்தச் சைக்கிள் பெண்ணின் பயம் எனக்குத் தெரியும். நானும் அந்த வழியால் வந்தவள்தான். எங்களைப் பயமுறுத்தியவர்களில் பெரும்பாலோர் மடித்த சட்டைக் கையோடும் திருநீற்றோடும் இருந்த மரியாதைக்குரிய ஆட்கள். வீதிக்கு விளக்குப் போடச் சொல்லுங்கள். சேட்டை விடுபவனின் பெயரைச் சொன்னால் முறைப்பாட்டைப் பதியச் சொல்லுங்கள்.

ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தங்கை எழுதியதில் கடைசிப் பகுதியை நான் மறுக்கப் போவதில்லை. விளக்குக் கோரிக்கை மனுவில் இல்லாதது பெரிய குறைதான்.

ஆனால் பாடசாலை பற்றிய எனது நிலைப்பாட்டில் மாற்றமில்லை. நீதிவழி தம்பி எடுத்துச் சொன்ன தீர்ப்புகள் வளர்ந்தவர்களைப் பற்றியவை. பாடசாலை ஒழுங்கை எந்த நீதிமன்றமும் முழுமையாக அகற்றிவிடவில்லை. பாடசாலை விதியை அதிபரும் பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கூடித் தீர்மானிக்க வேண்டும், பொலிஸ் நிலையம் தீர்மானிக்கக் கூடாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். முடி காரணமாக ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்திப் படிப்பைக் கெடுப்பதையும் நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை.

நீதிவழி எழுதியது:

ஐயா, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் ரிங்கர் வழக்கில், வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டி அணிந்து வந்ததற்காக இடைநிறுத்தப்பட்ட மாணவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கும் பாடசாலையின் செயற்பாட்டைக் கணிசமாகக் குழப்பினால் அதைத் தடுக்கலாம் என்ற எல்லை வைக்கப்பட்டது. ஆகவே உங்கள் கருத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை. பாடசாலை வாசலைத் தாண்டிய பிறகும் அதே விதி பிள்ளையைத் துரத்திக்கொண்டு போகலாமா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

வாசிகசாலைச் செயலாளர் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிர்வாக சபை கூடியது. மனுவில் இப்போதுள்ள வடிவில் கையொப்பமிடுவதில்லை என்று பெரும்பான்மையாக முடிவாகியது. பொருளாளரும் வேறு இருவரும் உடன்படவில்லை, அவர்களின் மறுப்பும் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டது.

மாற்று வரைவு ஒன்றை எமது நிலையத்தின் பெயரில் தனியாக அனுப்புகிறோம். சைலன்சர் மாற்றிய மோட்டார் சைக்கிள்கள் மீது சட்டப்படி நடவடிக்கை, கடற்கரை வீதிக்கும் தனியார் வகுப்புகள் இருக்கும் ஒழுங்கைக்கும் மின்விளக்கு, பச்சை குத்தும் இடங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையும் வயதெல்லையும், போதைப்பொருள் விற்பனை பற்றி முறைப்பாடு செய்பவரின் பெயர் வெளியே போகாமல் காப்பது ஆகியவை அதில் உள்ளன. சலூன், தோடு, ரீசேட், காணொளி ஆகியவை நீக்கப்பட்டுள்ளன. பாடசாலை முடி விதியை அபிவிருத்திச் சங்கத்துக்கு விட்டுவிட்டோம்.

ஆலய பரிபாலன சபையினர் மனவருத்தத்தில் இருக்கிறார்கள். வாசிகசாலைக்கு அவர்கள் மாதந்தோறும் தந்த பத்திரிகைக் காசு இனி வருமா என்று தெரியவில்லை. கடற்கரையில் பாடும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நிலையத்தின் மண்டபத்தைக் கொடுக்கலாம் என்று ஒருவர் பிரேரித்தார். ஒலிபெருக்கிச் சத்தம் வாசிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்ற நியாயமான காரணத்தால் அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. இரவு எட்டு மணிக்குப் பிறகு வாசிகசாலை மூடியிருக்கும் நேரத்தில் கொடுப்பதானால் மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்பதற்கு மட்டும் வேறு நிலையங்களின் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.